எவ்வளவு நேரத்தில் காயும்? துணி நப்பிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மூத்தவன் பிறந்தது ஐப்பசிக் கடைசியில். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் தொடங்கிய மழை ஒரு கிழமை விடவில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது ஆசைப்பட்டு இணையத்தில் வாங்கிய பன்னிரண்டு நப்பிகளும் விறாந்தைக் கொடியில் வரிசையாகத் தொங்கின. யானைக்குட்டி, மீன், நட்சத்திரம் என்று வடிவான படங்கள். தொட்டுப் பார்த்தால் ஓரம் காய்ந்திருக்கும், நடு சில்லென்று இருக்கும். இரண்டாம் நாள் புளித்த மணம் வேறு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அலுமாரியைத் திறந்து அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியை எடுத்தார். ஓரத்தில் கத்தரிக்கோலால் ஒரு வெட்டு, மிச்சத்தைக் கையாலேயே சர்ரென்று கிழித்தார். பன்னிரண்டு சதுரம் வந்தது. மின்விசிறிக்குக் கீழே போட்ட துண்டுகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னரே காய்ந்துவிட்டன.

நப்பி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு உறிஞ்சும் என்று. திருகோணமலையில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, எவ்வளவு நேரத்தில் காயும் என்று. இரண்டு பிள்ளைகளுக்குக் கட்டிப் பார்த்தபின் எழுதுகிறேன்.

கடையில் என்னென்ன இருக்கிறது

பம்பஸ் என்று நாங்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னாலும் அது ஒரு வியாபாரப் பெயர். 1961 இல் அமெரிக்காவில் வந்தது. இன்றைய ஒருமுறை நப்பிக்குள் இருப்பது மரக்கூழில் செய்த பஞ்சும், ஈரம் பட்டதும் களியாக உப்பும் ஒரு தூளும். அந்தத் தூளை வைத்துத்தான் அது அத்தனை மெல்லிதாக இருந்துகொண்டு அவ்வளவு சிறுநீரைப் பிடிக்கிறது. துணி நப்பியில் அந்த மாயம் இல்லை. அங்கே இரண்டு வேலை, இரண்டு பொருள்: உள்ளே உறிஞ்சும் துணி, வெளியே ஈரம் கசியாத கவர். கவர் பெரும்பாலும் பாலியெஸ்டர் துணியின் உட்பக்கத்தில் மெல்லிய பாலியூரித்தேன் படலம் ஒட்டியது. பி.யூ.எல். என்று அட்டையில் போட்டிருப்பது அதைத்தான்.

இந்த இரண்டையும் எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதில்தான் வகைகள் பிரிகின்றன. ஒற்றைப் படையாக வரும் சதுரத் துணியை மடித்துக் கட்டி மேலே கவர் போடுவது எல்லாவற்றிலும் பழையது. அதையே மடித்து நடுவைத் தடிப்பாகத் தைத்து விற்பதும் உண்டு. பொக்கற் நப்பியில் ஒரு பை இருக்கும். உள்துணியை அதற்குள் செருக வேண்டும், தோய்க்கும்போது உருவ வேண்டும். எல்லாம் சேர்த்துத் தைத்த வகை பம்பஸ் மாதிரி எடுத்த உடனே கட்டலாம். என் பன்னிரண்டும் அதுதான். பிள்ளையைப் பார்க்க வருகிற உறவினர்களுக்குக் கட்டச் சொல்லிக் கொடுப்பது அதில்தான் லேசு. காய்வது அதில்தான் கஷ்டம்.

ஹைபிரிட் என்பது கவர் ஒன்று, உள்ளே வைப்பது இரண்டு விதம். வீட்டில் துணியை வைக்கலாம்; வெளியே போகும்போது அதே கவருக்குள் ஒருமுறை பாவித்து எறியும் உறிஞ்சு பட்டையை (பேட்) வைக்கலாம். ஈரமானால் பேடை மட்டும் எடுத்து மாற்றுகிறோம், கவர் அழுக்காகாவிட்டால் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பாவிக்கலாம். குப்பை இல்லாமல் போகாது, ஆனால் குறையும்.

உறிஞ்சும் துணியிலும் வித்தியாசம் இருக்கிறது. பருத்தி வேகமாக உறிஞ்சும், ஓரளவு வேகமாகக் காயும். மூங்கில் துணி என்று விற்பது நிறையப் பிடிக்கும், காயவும் நிறைய நேரம் எடுக்கும். மைக்ரோஃபைபர் கெதியாகக் காயும், விலையும் குறைவு. ஆனால் அதைப் பிள்ளையின் தோலில் நேரே படும்படி வைக்கக் கூடாது. தோலின் ஈரப்பசையையும் சேர்த்து இழுத்து வறட்டிவிடும். பைக்குள் அல்லது ஒரு பருத்தித் துணிக்குக் கீழேதான் அதன் இடம்.

எத்தனை வாங்குவது

பிறந்த பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு தடவை மாற்ற வேண்டி வரும். சில மாதம் போக ஆறேழாகக் குறையும். தினமும் தோய்க்கிற வீடு என்றால் இருபத்துநான்கு சதுரத் துணி, ஐந்தாறு கவர், இரவுக்கு ஆறு தடித்த உள்துணி போதும். மாரி காலத்துப் பிள்ளைக்கு இன்னும் ஒரு டசின் துணி வைத்துக்கொள்ளுங்கள். துணிக்குக் காசு அவ்வளவு போகாது. பழைய நூல் சேலை, வேட்டி, சாரம் எல்லாம் சரிவரும். பல தடவை தோய்த்து மெதுவான துணியாக இருந்தால் இன்னும் நல்லது. அறுபது சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டி ஓரம் அடித்துவிடுங்கள். நைலக்ஸ் வேண்டாம், அது உறிஞ்சாது. பட்டும் வேண்டாம்.

கவரை மட்டும் காசு கொடுத்து நல்லதாக வாங்குங்கள், ஆனால் ஒரே நாளில் ஆறும் வேண்டாம். இரண்டு வாங்கி ஒரு கிழமை கட்டிப் பாருங்கள். ஒரு பிள்ளையின் தொடை மெலிவு, இன்னொன்றின் வயிறு உருண்டை. அக்காவின் பிள்ளைக்குப் பொருந்தியது உங்கள் பிள்ளைக்குத் தொடையில் இடைவெளி விடலாம். முன்பக்கம் மூன்று வரிசைப் பட்டன் இருக்கிற, வளர வளர விரிக்கிற கவர்கள் மூன்றரைக் கிலோவிலிருந்தே சரி என்று போட்டிருப்பார்கள். உண்மையில் பிள்ளை நாலரைக் கிலோவைத் தாண்டும் வரை அது கால் பக்கம் கொஞ்சம் தொளதொளவென்றுதான் நிற்கும். முதல் மாதத்துக்கு இரண்டு சின்னக் கவர் இரவல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெல்குரோவா பட்டனா என்று கேட்டால், பட்டன். வெல்குரோவில் துணி நூல், முடி, டச்சுக் குடாக் கடற்கரைக்குப் போய்வந்தால் மணல் என்று எல்லாம் ஒட்டும். அப்புறம் சேப்டி பின்: அம்மாமாருக்குப் பழக்கம், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இந்த உப்புக் காற்றில் ஒரு மாதத்தில் கறள் பிடிக்கிறது, துணியில் கறை போகாது, குத்துகிற பயம் வேறு. கவர் இறுக்கிப் பிடித்தால் சேப்டி பின்னே தேவையில்லை.

காசுக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு ஆறு என்று வைத்தால் இரண்டு வருடத்துக்கு 4,380 ஒருமுறை நப்பி. உங்கள் கடையில் ஒன்று என்ன விலை விழுகிறதோ அதால் பெருக்குங்கள். மறுபக்கம் கவர், துணி, சலவைத்தூள், தண்ணீர். முக்கால்வாசி நேரம் துணியும், பயணத்துக்குப் பம்பஸும் என்று கலந்து கட்டினாலும் வித்தியாசம் நன்றாகவே தெரியும். முழுக்கத் துணி என்று சபதம் எடுக்கத் தேவையில்லை. அப்படி எடுத்தவர்கள் பலர் இரண்டாம் மாதமே எல்லாவற்றையும் கட்டி மேலே போட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

கட்டுவதற்கு முன் ஒரு வேலை

புதுப் பருத்தியும் மூங்கில் துணியும் வாங்கிய அன்று தண்ணீரை உறிஞ்சாது. நூலில் எண்ணெய்ப்பசை இருக்கும். மேலே ஊற்றினால் தண்ணீர் உருண்டு ஓடும். ஐந்தாறு தடவை தோய்த்துக் காயவைத்தால்தான் முழுசாக உறிஞ்சத் தொடங்கும். பிள்ளை பிறக்க முதலே, ஏழாம் எட்டாம் மாதத்தில் செய்து வைத்துவிடுங்கள். முதல் நாளே ஒழுகுகிறது என்று முறையிடுகிறவர்களில் பாதிப்பேர் இதைச் செய்திருக்க மாட்டார்கள். பழைய வேட்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது.

கட்டும் முறை

சதுரத் துணியை நாலாக மடித்து, பிறகு நீளவாக்கில் மூன்றாக மடியுங்கள். ஒரு பட்டை கிடைக்கும். அதைக் கவருக்குள் நீட்டி வைத்து, ஓரம் எங்கும் வெளியே எட்டிப் பார்க்காமல் உள்ளே தள்ளுங்கள். துணி ஒரு விரல்கடை வெளியே தெரிந்தாலும் சட்டை, பாய் எல்லாம் நனைந்துவிடும். துணி திரிபோல் ஈரத்தை இழுத்து வெளியே விடும். ஆண்பிள்ளைக்கு முன்பக்கம் ஒரு மடிப்பு கூட வையுங்கள். பெண்பிள்ளைக்கு நடுவில். துடைக்கும்போது பெண்பிள்ளையை முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும்.

இனிப் பிள்ளையைப் படுக்க வைத்து, கவரின் பின்பக்கம் இடுப்பு மட்டத்தில் வரும்படி வைத்து, முன்பக்கத்தை மேலே கொண்டுவாருங்கள். கால் இலாஸ்டிக் தொடையின் நடுவில் நிற்கக் கூடாது. உள்ளாடை ஓரம் எங்கே இருக்குமோ, அந்தத் தொடை மடிப்புக்குள் போய் உட்கார வேண்டும். ஒழுக்குக்குக் காரணம் பத்துக்கு ஏழு தடவை இதுதான். இடுப்பில் இரண்டு விரல் நுழைய வேண்டும். கழற்றும்போது லேசான சிவப்புக் கோடு இருந்து சில நிமிடத்தில் மறைந்தால் பரவாயில்லை. பள்ளமாக இருந்தால் இறுக்கம். தொப்புள்கொடி விழும் வரை முன்பக்கத்தைக் கீழே மடித்து, அந்த இடம் காற்றுப் படும்படி விடுங்கள்.

இரண்டு, இரண்டரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். மலம் போனால் உடனே. பம்பஸ் பழக்கத்தில் நாலு மணித்தியாலம் விட்டால் துணி தாங்காது, தோலும் தாங்காது.

துணியால் ஒரு நன்மை, எத்தனை தடவை பிள்ளை சிறுநீர் போனது என்று கைக்கே தெரியும். பிறந்து ஐந்தாம் நாளில் இருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது நன்றாக நனைய வேண்டும். பால் போதுமா போதாதா என்று தவிக்கிற தாய்க்கு அது பெரிய ஆறுதல். குறைந்தால் வீட்டுக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். களியாக இறுகும் பேடில் இதை எண்ணுவது கஷ்டம்.

தோய்த்தல்

பக்கெட் நிறையத் தண்ணீரில் நாள் முழுக்க ஊறப்போடுவதுதான் எங்கள் அம்மாமாரின் முறை. அதை விடச் சொல்வேன், மூன்று காரணத்துக்காக. இலாஸ்டிக் இளகிவிடும். தவழும் பிள்ளை இருக்கிற வீட்டில் அரை வாளித் தண்ணீரே ஆபத்து. மூன்றாவது டெங்கு, இது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. மூடாத வாளியில் நாலைந்து நாள் தண்ணீர் நின்றால் நுளம்புக்கு அது தொட்டில். அழுக்கு நப்பியைத் தண்ணீர் இல்லாத, காற்றுப் போகிற ஓட்டைக் கூடையில் போடுங்கள். மூடி வைத்தால்தான் மணக்கும், திறந்து வைத்தால் அவ்வளவு மணக்காது. நம்ப மாட்டீர்கள், செய்து பாருங்கள்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளையின் மலம் தண்ணீரில் கரைந்துவிடும், ஒரு அலசல் போதும். ஆறு மாதத்தில் சோறு, பருப்பு தொடங்கியதும் கதை மாறும். கட்டியை முதலில் ரொய்லட்டில் உதறிவிட்டுத்தான் தோய்க்க வேண்டும். மெல்லிய லைனர் துணி ஒன்றை மேலே போட்டு வைத்தால் எடுத்து உதறுவது லேசு. பழைய ரீசேட்டை வெட்டினாலே லைனர்தான்.

முதல் அலசல் எப்போதும் பச்சைத் தண்ணீரில். சுடுதண்ணீர் பட்டால் மலக் கறை துணியில் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு சலவைத்தூள் போட்டு, முடிந்தால் 40 பாகைச் சூட்டுத் தண்ணீரில் தோய்க்கலாம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் சூடு கூடியதில் அள்ளி ஊற்றினால் தோலில் எப்படி இருக்குமோ கிட்டத்தட்ட அந்தச் சூடு. கையால் தோய்ப்பவர்கள் பெரிய பேசினில் போட்டுக் காலால் மிதித்தால் முதுகு தப்பும். வோஷிங் மெஷின் என்றால் முதலில் ஒரு சின்ன ஓட்டம், தண்ணீரை விட்டுவிட்டு, பிறகு சலவைத்தூளோடு நீளமான ஓட்டம். மெஷினை முக்கால்வாசி நிரப்புங்கள். வெறுமையாகச் சுற்றினால் துணியோடு துணி தேயாது.

சலவைத்தூள் விஷயத்தில் ஒரு தவறான பயம் இருக்கிறது: பிள்ளைக்குத்தானே என்று ஒரு சிட்டிகை போடுவது. அப்படிச் செய்தால் அழுக்கு உள்ளேயே தங்கி, பிள்ளை சிறுநீர் போனதும் மூக்கைத் துளைக்கும் அமோனியா மணம் கிளம்பும். அளவாகப் போட்டு, பிறகு நுரை போகும் வரை நன்றாக அலசுவதுதான் சரி. கடற்கரைப் பக்கக் கிணறுகள் சிலவற்றில் தண்ணீர் சவர். அங்கே சவர்க்காரக் கட்டி நுரைக்காது, வெள்ளைப் பிசுக்காகத் துணியில் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். கட்டியை விட்டுத் தூளுக்கு மாறுங்கள், வழமையைவிடக் கொஞ்சம் கூடப் போடுங்கள். குழாய்த் தண்ணீர் இருந்தால் கடைசி அலசலையாவது அதில் செய்யுங்கள்.

துணியை மெதுவாக்கும் வாசனைத் திரவம் வேண்டவே வேண்டாம், அது நூலில் மெழுகுபோல் படிந்து தண்ணீரை விரட்டும். பிளீச், கிருமிநாசினி தினமும் தேவையில்லை. கவரை ஒருநாளும் அவிக்காதீர்கள். வேட்டித் துணியை அவிக்கலாம், கவர் அவிந்தால் உள்படலம் உரிந்து வரும். மாமி ஒருநாள் நல்ல மனதோடு என் கவர்கள் இரண்டையும் பானையில் போட்டு அவித்துவிட்டார். சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை.

காயவைத்தல்

வைகாசியில் இருந்து ஆவணி வரை கவலையே இல்லை. கச்சான் காற்று அடித்தால் காலையில் போட்டது பத்து மணிக்கு அப்பளமாகிவிடும். மொறுமொறுப்பைப் போக்க, எடுத்ததும் இரண்டு கையாலும் கசக்கி விடுங்கள். உள்துணிகளை நேர்வெயிலில் போடுங்கள். பால் குடிக்கும் பிள்ளையின் மஞ்சள் கறை, ஈரத் துணியாகப் போட்டால் ஒரே வெயிலில் மறைந்துவிடும். அந்த மஞ்சளுக்குக் காரணமான பிலிருபினை வெளிச்சம் சிதைக்கிறது. காமாலை வந்த பிள்ளையை ஆஸ்பத்திரியில் நீல வெளிச்சத்தின் கீழ் வைப்பதும் இந்தக் குணத்தை நம்பித்தான். கவர்களை மட்டும் நிழலில் போடுங்கள். சூடாக இருக்கும்போது இலாஸ்டிக்கை இழுக்காதீர்கள்.

மாரியில்தான் சோதனை. இங்கே பெரிய மழை ஐப்பசியில் இருந்து தை வரை, வாடைக் காற்றோடு. வெயில் எட்டிப் பார்க்கிற ஒரு மணித்தியாலத்தை வீணாக்காமல் கொடிக்கு ஓட வேண்டும். வீட்டுக்குள் போடுவதென்றால் துணிக்குத் துணி ஒரு சாண் இடைவெளி விட்டு, மின்விசிறியை நேரே திருப்பி விடுங்கள். உலர்த்துவதற்கு முன் துணியை முழுசாக விரியுங்கள். மடித்துப் போட்ட சதுரத் துணியும் தைத்த நப்பியும் ஒன்றுதான். கடைசி ஈரத்துக்கு இஸ்திரிப் பெட்டி போடலாம், பருத்திக்கு மட்டும். சாம்பிராணிப் புகை காட்டி உலர்த்துகிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அந்தப் புகை பிஞ்சு நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாது, இஸ்திரிப் பெட்டியே மேல். அரை ஈரத்தில் மடித்து வைத்தால் கரும்புள்ளி விழும்.

மின்னுலர்த்தி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பிரித்தானிய சுற்றாடல் முகவரகம் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை நப்பியால் வரும் கரியமில வாயு 550 கிலோ, துணி நப்பியால் 570 கிலோ என்று கணக்கு வந்தது. துணி தோற்றதுபோல் இருக்கும். ஆனால் அதே ஆய்வு, கொடியில் காயவைத்து, மெஷினை நிரப்பித் தோய்த்து, இரண்டாம் பிள்ளைக்கும் அதையே பாவித்தால் அந்தக் கணக்கில் 40 வீதம் குறையும் என்றும் சொன்னது. அங்கே அது ஆலோசனை, எங்கள் வீடுகளில் அதுதான் வழமை.

குப்பைப் பக்கம் எனக்கு ஆய்வு தேவைப்படவில்லை. கோட்டைப் பக்கப் புள்ளிமான்கள் நகரத்துக்குள் வந்து வீதியோரக் குப்பைப் பைகளை முகர்ந்து இழுப்பதை இங்கே இருப்பவர்கள் எல்லாரும் பார்த்திருப்போம். பம்பஸ் எறிவதானால் மலத்தை ரொய்லட்டில் போட்டு, இறுகச் சுருட்டி, வண்டி வரும் நேரத்துக்கு மட்டும் வெளியே வையுங்கள். ஹைபிரிட் பேடும் அப்படியே. மட்கும் என்று உறையில் போட்டிருந்தாலும் ரொய்லட்டுக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். குழி அடைத்தால் பவுசர் கூப்பிட வேண்டி வரும்.

ஹைபிரிட் எப்போது

இரவு ரயிலில் கொழும்புக்குப் போகும்போது, கிளினிக்கில் நீண்ட வரிசை இருக்கும் நாளில், கோவில் திருவிழாவில், ஐந்து நாள் அடைமழையில். அவ்வளவுதான். பயணத்துக்கு இரண்டு கவர், ஆறு பேட், ஈரம் கசியாத ஒரு பை போதும். இரவில் வீட்டில் என்றால் நான் துணியையே வைப்பேன்: ஒரு சதுரத் துணிக்குக் கீழே ஒரு தடித்த மூங்கில் உள்துணி. விடிய ஈரமாக இருக்கும், வெளியே வராது.

தோல் சிவந்தால்

முதல் மருந்து காற்று. ரப்பர் சீற்றுக்கு மேல் துணி விரித்துப் பிள்ளையை அரை மணித்தியாலம் நப்பி இல்லாமல் விடுங்கள். இந்த வெக்கையில் தினமுமே அது தேவை. பவுடர் கொட்ட வேண்டாம், மூச்சோடு போகும். துத்தநாகக் கிறீம், வாசலின் பூசினால் லைனர் போடுங்கள், அவை உள்துணியில் படிந்து உறிஞ்சாமல் செய்துவிடும். தேங்காய் எண்ணெயும் ஒரு துளிக்கு மேல் போனால் அப்படித்தான். சிவப்பு தொடை மடிப்புக்குள் போய், சுற்றிலும் சின்னப் புள்ளிகள் தெறித்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டாலும், நீர்க்கொப்புளம், காய்ச்சல் வந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அடுத்த பிள்ளைக்கு எடுத்து வைப்பது

இலாஸ்டிக் இளகினால் தையல்காரரிடம் கொடுத்து மாற்றலாம். கவரின் உள்படலம் உரியாமல் இருந்தால் போதும். நன்றாகக் காய்ந்த துணியாக, காற்றுப் போகும் பருத்திப் பையில் வையுங்கள், காய்ந்த வேப்பிலை இரண்டு கொத்துப் போடுங்கள். பூச்சி உருண்டை மட்டும் வேண்டாம். நப்தலீன் ஊறிய துணியைக் கட்டினால், ஜி6பிடி குறைபாடு (ஒரு நொதியம் பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள பிள்ளைகளுக்குச் செங்குருதிக் கலங்கள் உடைந்து கடும் காமாலை வரலாம். அந்தக் குறைபாடு பார்வைக்குத் தெரியாது. ஏற்கெனவே உருண்டை போட்டு வைத்த பெட்டியில் இருந்த துணி என்றால், பிள்ளைக்குக் கட்டாமல் தரை துடைக்க எடுத்துக்கொள்ளுங்கள்.